பதினான்காவது மாடியில் மன உறுதி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உடல்நலத்தை முடிவு செய்வது வாழும் இடமா, மனிதனின் மன உறுதியா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “தேத்தண்ணியில் இனிப்புப் பால்டின்னைக் கவிழ்த்தது யார் கை? உங்கள் கைதானே?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டுக்கு மேல் நீரிழிவு. நாட்டின் சராசரியோ 18.3.

சரி, கை என்னுடையது. அந்தக் கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, பசளி, வெண்டை. விடியுமுன் வாளியோடு நடந்த நடைக்கு யாரும் உடற்பயிற்சி என்று பேர் வைக்கவில்லை. தோட்டத்தை விற்றார்கள், கோலாலம்பூரில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம், பதினான்காவது மாடி. “தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா” என்றார் டாக்டர். அம்மா அன்றைக்கே செருப்பு வாங்கிவிட்டார். ஆனால் இரண்டு லிஃப்டில் ஒன்றுதான் ஓடும், சில நாள் அதுவும் நின்றுவிடும். முட்டிவலியோடு படியிறங்கிப் போனால் நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள். அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. கீழ்த்தளக் கடையில் மெகி மீ இருக்கும், கலர் தண்ணி இருக்கும், கீரை இருக்காது.

எங்கள் வீடு மட்டுமா இப்படி? கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா மலிவு விலை அடுக்குமாடிகளில் யூனிசெஃப் நடத்திய ஆய்வு 2018இல் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. 23 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். நண்பரே, மூன்று வயதுப் பிள்ளையிடம் போய் உனக்கு மன உறுதி போதாது என்பீர்களா?

2019 ஜனவரி 1 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவகத்தில், இன்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டி சானாய் சாப்பிட முடிகிறது. நாம் திடீரென்று உறுதி பெற்றுவிட்டோமா? இடத்தை மாற்றினோம், பழக்கம் பின்னால் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டதும் பல நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன.

போன வருடம் அம்மா தைப்பிங்கில் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்தார். ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880இல் பூங்காவாக மாற்றிய ஏரிக்கரை, அங்கிருந்து பத்து நிமிடம். தூங்குமூஞ்சி மர நிழலில் காலையும் மாலையும் நடந்தார். யாரும் சொல்லவில்லை. அதே அம்மா, அதே முட்டி. கோலாலம்பூர் திரும்பிய மறுநாள் பார்க்கிறேன், செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. லிஃப்ட் ஓடவில்லை.