ஒட்டுப் பிடித்ததா?

ஆலயத் தலைவர் அவர்களே, வேலைகளுக்கிடையே வந்திருக்கும் டத்தோ அவர்களே, மண்டபத்தை இலவசமாகத் திறந்துவிட்ட தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, காலையிலிருந்து மீகூன் கிண்டிய மகளிர் பகுதித் தலைவி அவர்களே, பொன்னாடை யாருக்கு என்று இன்னும் வாய் திறக்காத செயலாளர் தம்பி அவர்களே, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மோட்டாரில் வந்திருக்கும் பெரியவர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் டத்தோவிடம் சொல்லுங்கள், என்னிடம் வேண்டாம்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். கல்லீரல் மாற்று, அதற்காக ஒரு டாக்டர் பட்ட பாடு, கணையப் புற்றுநோய். நடுநடுவே ஒரு பழமொழி வரும். ஆனை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

1963-இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் என்பவர் முதன்முதலாக மனிதனுக்குக் கல்லீரல் மாற்றப் பார்த்தார். மூன்று வயதுப் பிள்ளை. ரத்தம் நிற்கவில்லை, மேசையிலேயே போய்விட்டது. அடுத்தடுத்துச் செய்தவர்களில் ஒருவரும் ஒரு மாதம் தாண்டவில்லை. மனிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கே திரும்பிப் போனார். 1967-இல்தான் ஒரு குழந்தை ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்தது. அடுத்தவர் உறுப்பை நம் உடம்பு விரட்டத்தான் பார்க்கும். 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகுதான் அந்த விரட்டு அடங்கியது.

விரட்டு என்றதும் எங்கள் தோட்டத்து நாற்றங்கால் ஞாபகம் வருகிறது. ரப்பர் நாற்றுக்கு ஒட்டுக் கட்டுவதில் என் அப்பா கெட்டிக்காரர். தண்டின் பட்டையைச் சின்ன சன்னல் மாதிரி கீறித் திறப்பார். நல்ல பால் மரத்து மொட்டைப் பட்டையோடு எடுத்து உள்ளே வைத்து இறுக்கிக் கட்டுவார். மூன்று வாரம் யாரும் தொடக் கூடாது. அப்புறம் கட்டை அவிழ்த்து நகத்தால் சுரண்டுவார்கள். பச்சை என்றால் பிடித்துவிட்டது, கறுப்பு என்றால் போச்சு. எனக்கு எட்டு வயது, பொறுக்குமா? நாலாம் நாளே ஒரு வரிசை முழுக்க அவிழ்த்துச் சுரண்டிவிட்டு, பழையபடி கட்டி வைத்தேன். மூன்று வாரம் கழித்து அந்த வரிசை மட்டும் கறுப்பு. கங்காணி அப்பாவைப் பார்த்தார். அப்பா முடிச்சைப் பார்த்தார். அரைக்கால் சட்டை நாடாவுக்கு நான் போடும் முடிச்சு அது! அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போனது. என் முதுகுக்கு என்ன ஆனது என்பதை, பெண்கள் இருக்கும் சபை, விட்டுவிடுகிறேன்.

டாக்டர்களும் அப்படித்தான் காத்திருக்கிறார்கள். குழாய்களைத் தைத்து ரத்தத்தைத் திறந்துவிட்டதும் புதுக் கல்லீரல் சிவந்து வரும். பித்தநீர் சுரந்தால் பிடித்துவிட்டது என்று மூச்சு விடுவார்கள். நம் மயிலாடுதுறைப் பக்கத்து டாக்டர் முகமது ரேலா, லண்டனில் 1997-இல், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்கு மாற்றினார். இங்கே கை தட்டலாம்.

சரி, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வைப்பதற்கு மொட்டு வேண்டுமே?

என் அக்கா மகன் மோட்டார் விபத்தில் மூளைச் சாவு அடைந்தான். மருத்துவமனையில் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "பிள்ளையை முழுசா அனுப்பணும்" என்றார் அக்கா. பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் பர்ஸைத் திறந்தால், அடையாள அட்டைக்குப் பின்னால் உறுப்பு தான அட்டை. கையெழுத்து அவனுடையது. வீட்டில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஆனை இறந்தாலும் ஆயிரம் பொன் என்று மேடை மேடையாகப் பேசுகிறவன் வீட்டில் இது நடந்தது.

நம் மலேசியாவில் உறுப்பு தானத்துக்கு நீங்கள் பதிந்தே வைத்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தைத்தான் கேட்பார்கள். அதனால் இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள், சாப்பாட்டு நேரத்தில், டிவியை அணைத்துவிட்டு.

கணையம்? இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சாமான். வலி தெரிவதற்குள் நோய் முற்றிவிடும். கண் மஞ்சளானால், காரணமில்லாமல் எடை குறைந்தால் கிளினிக்குக்குப் போங்கள். மிச்சத்தைச் சொல்ல விடாமல் செயலாளர் தம்பி துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார்.

பின் மேசையில் இரண்டு பிள்ளைகள் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மைசெஜாத்ரா செயலியில் உறுப்பு தானத்துக்கு எப்படிப் பதிவது என்று காட்டுவார்கள். பதினெட்டு வயது ஆனவர்கள் முதலில் அங்கே போங்கள், அப்புறம் மீகூன். அக்கா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவர் போன வாரமே பதிந்துவிட்டார், என்னிடம் சொல்லியும்விட்டார்.