கன்னியாகுமரிக்குத் தனியாகச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு

வணக்கம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி போக 700 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நாளைக்கு 80 கிலோமீட்டர் என்றால் ஒன்பது, பத்து நாள். துணைக்கு ஆளில்லாமல் போகிறவர் வீட்டிலேயே ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும்: வண்டியில் எது கெட்டால் நம் கையாலேயே சரிசெய்யலாம், எது கெட்டால் சரக்கு வண்டியைக் கைகாட்டி நிறுத்த வேண்டும்?

"பஞ்சர்தானே, ஊருக்கு ஊர் கடை இருக்கே" என்பார்கள். கடை இருக்கும், உங்கள் டியூப் இருக்காது. ஊர்க்கடையில் தொங்குவது பழைய 28 அங்குல வண்டியின் டியூப். கியர் சைக்கிள்களில் பல '700சி' என்ற வேறு அளவு. வால்வு மெலிந்த பிரெஸ்டா ரகமாக இருந்தால் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாயும் அதில் உட்காராது. அதற்கான பித்தளை அடாப்டரை இரண்டாக வாங்குங்கள். கடுகளவுச் சாமான், ஒன்று தொலைந்தே தீரும். டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டு, டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர், கைப்பம்பு இவையும் பையில் இருக்கட்டும்.

டியூபை மாற்றியதும் காற்றடித்துக் கிளம்பிவிடாதீர்கள். லாரி டயர் வெடித்துச் சிதறும்போது தலைமுடி போன்ற எஃகுக் கம்பித் துணுக்குகள் சாலையோரம் கிடக்கும். ராமநாதபுரம் பக்கம் போனால் சீமைக்கருவேல முள். இரண்டுமே டயருக்குள் முனை முறிந்து நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்க மெதுவாகத் தேய்த்து வாருங்கள்; நார் சிக்குகிற இடத்தில் முனை இருக்கிறது. நகவெட்டியால் பிடுங்குங்கள். இதைச் செய்யாதவருக்குப் புது டியூப் அரைமணி நேரம்கூடத் தாங்காது.

அடுத்தது ஸ்போக், அதாவது சக்கரக் கம்பி. ஒடிவது அநேகமாகப் பின்சக்கரத்தில், செயின் இருக்கும் வலப்பக்கத்தில். கியர் பற்சக்கரங்களுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக, அதிக இழுவிசையில் நிற்கின்றன. மூட்டையின் பாரமும் அங்கேதான் விழுகிறது. அதை மாற்றப் பற்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்குத் தனிக் கருவி. எல்லாரும் அதைச் சுமக்கச் சொல்ல மாட்டேன். ஒடிந்ததைப் பக்கத்துக் கம்பியோடு டேப் சுற்றிக் கட்டி, அதற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளை அரைச்சுற்று தளர்த்தினால் கோணல் குறையும். சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் உரசினால் அதையும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, மெதுவாக அடுத்த பெரிய ஊர் வரை போகலாம். சுமையே 10 கிலோவுக்குள் இருந்தால் இந்தப் பேச்சு பெரும்பாலும் வராது. கேரியர் போல்ட்டுகளை மட்டும் தினமும் காலையில் இறுக்கிப் பாருங்கள்.

இனி காற்று. ஜனவரியில் வாடைக்காற்று முதுகைத் தள்ளும். அந்த மாதத்தில் போங்கள் என்பதே என் கட்சி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, கடற்கரைச் சாலையை விட்டுத் திருநெல்வேலி வழி நாலுவழிச் சாலையில் போகிறவருக்கு வள்ளியூர் தாண்டியதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வலப்பக்கத்தில் அறையும். அந்தக் கணவாய்ப் பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை! அங்கே ஆபத்து காற்றில் இல்லை, அது சட்டென்று நிற்பதில்தான். விழாமலிருக்க நீங்கள் வலப்புறம் சாய்ந்து மிதிப்பீர்கள். லாரி ஒன்று முந்தும்போது காற்றை மறைக்கும். சாய்ந்த உடம்பு லாரிப் பக்கமே போகும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறையும். கண்ணாடியில் லாரி தெரிந்தவுடனே ஒரு மீட்டர் இடப்புறம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக: வெயிலில் வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் உப்புச்சத்து குறைந்து தலைசுற்றும். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டுமே தலைதட்டி. விடிகாலையில் கிளம்பி 11 மணிக்குள் அன்றைய தூரத்தின் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

திரும்பி வர ரயில். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிய வேண்டும். ரயில் இரண்டு நிமிடம் நிற்கிற சிறு நிலையத்தில் ஏற்ற மாட்டார்கள். பெரிய நிலையத்துக்கே போங்கள், நேரத்தோடு போங்கள். சைக்கிள்தானே என்றாலும் அடையாள அட்டை நகல் கேட்பார்கள். ஹேண்டிலைத் திருப்பி, பெடலைக் கழற்றிக் கட்டினால் அடிபடாது. இடது பெடலுக்கு மரை தலைகீழ். வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும். கிளம்பும் முன்பே இரண்டையும் ஒருமுறை கழற்றி, கிரீஸ் தடவி மாட்டிவையுங்கள்.