தெருவில் வாழும் அனைவருக்கும் உரிய சங்கம்

(சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சங்க நிர்வாகிகளே, உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பாதுகாப்பு என்றதும் நம் பேச்சு பூட்டை உடைப்பவனையும் சங்கிலி பறிப்பவனையும் நோக்கிப் போய்விடுகிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும், 2017 நவம்பர் முதல் நாளன்று இதே சென்னையில், கொடுங்கையூரில், தெருவில் தேங்கிய மழைநீரில் நடந்த இரண்டு சிறுமிகள், அந்நீரில் கிடந்த மின்கம்பியால் மின்சாரம் பாய்ந்து மாண்டார்கள். குழந்தைகள் தம் தெருவில் இறங்கி நடந்தார்கள், அவ்வளவே. அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், தெருமுனை மின்பெட்டியின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு சங்கத்தின் முதல் காவற்பணி என்று நான் நம்பி வருகிறேன்.

அதைப் பார்த்துவிட்டு யாரிடம் சொல்வது என்பதில்தான் பெரும்பாலோர் சோர்ந்து போகிறோம். மின்பெட்டி மின்வாரியத்தின் பொறுப்பு. தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஒரே பள்ளத்தை மூன்று அலுவலகங்களும் ஒன்றின்மேல் ஒன்று சாட்ட முடிகிறது. தனியொருவர் இரண்டு முறை அலைந்தபின் விட்டுவிடுவார். சங்கம் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதற்குப் பதிவேடு இருக்கிறது. 1913 என்ற எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் செய்யும்போது விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொல்லி, அவர்கள் தரும் புகார் எண்ணைத் தேதியோடு குறித்து, பணி முடிந்ததா என்று அடுத்த செயற்குழுவில் கேட்டு, முடியாவிட்டால் அந்தப் பழைய எண்ணையே சுட்டி உதவிப் பொறியாளருக்குக் கடிதம் எழுதுகிற சங்கத்தை எந்த அலுவலகமும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. கோபமாகப் பேசியதால் எரிந்த விளக்குகளைவிட, விடாமல் எழுதியதால் எரிந்த விளக்குகளே அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

இந்த நகரத்துக்கு இது புதியதன்று. 1989இல் எம்.பி. நிர்மல் அவர்கள் எக்ஸ்னோரா என்னும் குடிமக்கள் அமைப்பைத் தொடங்கியபோது, குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்த தெருக்களில் மக்களே மன்றங்களாகக் கூடினார்கள். வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறு தொகை திரட்டி, மூன்று சக்கர மிதிவண்டி வாங்கி, குப்பை சேகரிக்க ஒருவரை அமர்த்தி, அவரை 'ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்', அதாவது தெருவை அழகாக்குபவர், என்று மதிப்போடு அழைத்தார்கள். பிற்காலத்தில் பல தெருக்களில் அம்மன்றங்கள் ஓய்ந்து போயின. ஒரே ஒரு வேலைக்காகக் கூடும் அமைப்பு, அந்த வேலையை வேறொருவர் ஏற்றதும் கலைந்துவிடுவது இயல்பு. ஆனால் சந்தா கேட்க மாதம் ஒருமுறை ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்களுக்கு, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பது தெரிந்திருந்தது. இணையவழியில் சந்தா செலுத்தும் இக்காலத்தில் அந்த அறிமுகத்தை நாம் முயன்றுதான் உண்டாக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் பெற்றோர் நம் தெருவிலும் இருக்கிறார்கள். காவல் அதிகாரிபோல் நடித்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஒருவன் தொலைபேசியில் பணம் பறிக்கும்போது, பக்கத்து வீட்டாரை அழைக்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தால் அந்த ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். பணம் போயிருந்தாலும், உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் செய்ய ஒருவர் துணையிருப்பார்.

கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏ.கே. விசுவநாதன் அவர்கள் சென்னைக் காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' திட்டத்தின் வழியே கேமராக்கள் நகரமெங்கும் பரவின. வழக்குகளைத் துப்புத் துலக்க அவை பெரிதும் பயன்படுகின்றன. நாமும் பொருத்தலாம். ஆனால் பதிவைப் பார்க்கும் உரிமை யாருக்கு, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைப் பொதுக்குழு முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு பெண் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று பேசுவதற்கு அந்தப் பதிவு ஒருபோதும் பயன்படக் கூடாது. அதைப் போலவே, விசாரிப்பதும் பிடித்து வைப்பதும் நம் வேலை அல்ல. பொதுமக்கள் காவல்துறைக்குத் துணைநிற்க 1993இல் இராமநாதபுரத்தில் நல்லெண்ணத்தோடு தொடங்கப்பட்ட 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு, 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்த கொடுமைக்குப் பின் அரசால் தடை செய்யப்பட்டதை நாம் மறக்கலாகாது. சட்டம் தராத அதிகாரத்தைக் குடிமக்கள் கையில் எடுத்தால், அதன் அடி முதலில் விழுவது எளியவர் மீதுதான்.

இங்கேதான் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் தெருவை அதிகாலையில் முதலில் பார்ப்பவர்கள் பால் போடுபவரும், தூய்மைப் பணியாளரும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும். இரவு முழுவதும் பார்ப்பவர் காவலாளி. எந்த விளக்கு அணைந்தது, எந்த வடிகால் மூடி உடைந்தது என்று நமக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள். அவர்களைச் சந்தேகத்துக்குரியோர் பட்டியலில் வைத்துவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது அநீதி மட்டுமன்று, அறியாமையும் ஆகும். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளில் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தின்கீழ் ஏழை எளிய குடும்பங்கள் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை செலுத்துகின்றன. அரசும் அதற்கு இணையான தொகையைத் தருகிறது. ஆகவே, சங்கம் என்பது சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை.

1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். உறுப்பினர் யார் என்பதை நம் துணைவிதிதான் முடிவு செய்கிறது. அதில் இன்றுவரை வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டுமே இடம் இருக்கிறது. பத்தாண்டாக இங்கே வாடகைக்கு வாழ்ந்து, இங்கேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவருக்கு வாக்கு இல்லை. வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவருக்கு உண்டு. வாடகைதாரரும் முழு உறுப்பினராகும் வகையில் துணைவிதியைத் திருத்தக் கோரும் முன்மொழிவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முறையான முன்னறிவிப்போடு கூடும் கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமாக அது நிறைவேற வேண்டும். இன்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் வாடகைதாரர்கள் போகும்முன் தங்கள் பெயரையும் வீட்டு எண்ணையும் பதிவேட்டில் எழுதித் தாருங்கள். அடுத்த கூட்டத்தின் அழைப்பு உங்கள் பெயருக்கே வரட்டும். நன்றி, வணக்கம்.