மரத்தோடு ஒரு படம்

(மயிலாப்பூரில் பிலிம் கேமரா ஆர்வலர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பர்களே, வணக்கம்.

என் கையில் இருப்பது அப்பாவின் ஆக்பா கிளிக் 3. ‘120’ அளவு பிலிம் ரோல் ஒன்றுக்கு 12 படம், அவ்வளவுதான். உங்கள் மடியிலும் இப்படிப் பழைய கேமராக்கள் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் ஓடாதீர்கள், உங்கள் தெருமுனையை எடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்தேன்.

மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்தச் சிவப்புக் கட்டடத்தின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால், அதற்குள் பழைய புத்தகக் கடையில் அப்பா பேரம் பேசி நின்ற இடம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இல்லை. வாரந்தோறும் போகிற இடம்தானே என்று விட்டுவிட்டோம்.

நம் ஊர் வெயில் பிலிமுக்குத் தோழன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் செத்துப்போன கேமராவிலும் தைரியமாக எடுக்கலாம். 400 வேக (ஐஎஸ்ஓ 400) பிலிம் என்றால் உச்சி வெயிலில் லென்ஸ் துளையின் எண் 16, ஷட்டர் 1/500 நொடி. கீரை விற்கும் அம்மாவின் தார்ப்பாய் நிழலுக்குள் போனால் துளையை 5.6 வரை அகலத் திறங்கள். இந்த எண்கள் மனத்தில் பதிந்துவிட்டால், கண் கேமராவை விட்டு அந்த அம்மாவின் கைகளுக்குப் போகும். நண்பகலில் எடுக்கக் கூடாது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் லாரியைச் சுற்றி நிற்பவர்களின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும் அந்த நேரம்தான் சென்னை.

பிலிம் கழுவும்போது அதே வெயில் பகையாகிவிடும். படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 டெவலப்பர் கரைசலுக்கு 20 டிகிரி செல்சியஸ் வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரோ கையைச் சுடுகிறது. பெரிய பேசினில் ஐஸ் கொட்டி, டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் ஜெலட்டின் படலம் சுருங்கி வலைபோல் வெடிக்கும். திருவல்லிக்கேணியில் எடுத்த ஒரு முழு ரோலை அப்படி இழந்தேன். இன்னும் மனம் ஆறவில்லை. கேமராவைத் தோல் உறைக்குள் பூட்டியும் வைக்காதீர்கள், ஈரக் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ பிலிம் செய்த காலம் போய்விட்டது. இன்று ரோல் கடல் கடந்து வருகிறது, விலை கையைக் கடிக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு ரோலிலும் ஒரு படத்தை ஒரே இடத்துக்கென்று ஒதுக்குங்கள்.

எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. 2014இலிருந்து மாதத்துக்கு ஒரு படம், எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்துவந்தேன். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தது. அடுத்த நெகட்டிவில் மரம் இருந்த இடமெல்லாம் வானம். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாக விழும் அல்லவா, கன்னங்கரேலென்று இருந்தது.

படங்களை இஸ்திரிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தன் முகத்தைத் தேடவில்லை. பழைய படம் ஒன்றில் விரலை வைத்து, “இந்த மரம் முழுசாகத் தெரிகிற மாதிரி பெரிதாகப் போட்டுத் தாருங்கள் சார்” என்றார்.

அந்தப் படம் இப்போது வண்டிக் கூரையின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. நாளை நண்பகலில் வாருங்கள், காட்டுகிறேன். கேமராவையும் எடுத்துவாருங்கள்.