காயாத ஈரம்

நேயர்களுக்கு வணக்கம். திருச்செந்தூர்க் கடற்கரையில் நடந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மேட்டில் காய்ந்த மணலில் கால் வைத்தால் புதையும். அலை வந்து போகும் ஓரத்தில் அதே மணல் தரை மாதிரி தாங்கும். அங்கே மணிகளுக்கு நடுவே இருக்கும் ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது. வெயில் ஏறினால் அந்தப் பிடி போய்விடும். காயாத ஈரம் ஒன்று கிடைத்தால்? அதுதான் தார்.

சாலையில் கறுப்பாகத் தெரிவது மேல்பூச்சு. சுமையைத் தாங்குவது அடியில் இருக்கும் தளம். குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டுப் பக்கம் ஒரு ஊர்ச்சாலை வேலையில் இருந்தேன். அடித்தளத்துக்கு ஜல்லி ஏற்றி வந்த லாரியே மணலில் புதைந்து, டிராக்டர் கட்டி இழுத்தோம். காலடியில் மணல் குவிந்து கிடக்க, கல்லுக்காக எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த மணலையே தாரோடு கலந்து அடித்தளமாகப் போடலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

கார்த்திகைக்கு எங்கள் ஆச்சி பொரி உருண்டை பிடிப்பார். பொரியை முதலில் சுத்தமாகப் புடைப்பார். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்ப்பார். பாகு குறைந்தால் உருண்டை உதிரும். கூடினால் கையோடு ஒட்டிக்கொண்டு உருவம் நிற்காது. தாரும் மணலும் அப்படியேதான். மணலில் களிமண் கட்டி இருந்தால் தார் பிடிக்காது. நூறு கிலோ மணலுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ தார். அதற்கு மேல் போனால் சித்திரை வெயிலில் சக்கரத் தடம் பதிந்துவிடும். காற்று சலித்த மணல் ஒரே அளவாக இருக்கும், இடுக்கு நிரம்பாது. அதற்குக் கொஞ்சம் கல்தூள் சேர்க்க வேண்டும். பதம்தான் முக்கியம்.

தாரோடு கலக்க மணலைச் சூடாக்கினால் நிறைய எரிபொருள் ஆகுமே என்பீர்கள். 1956-இல் அமெரிக்காவின் அயோவாவில் சானி என்ற பேராசிரியர் சூடான தாருக்குள் நீராவியைச் செலுத்தினார். தார் பால் மாதிரி நுரைத்துப் பொங்கியது. அந்த நுரை, சூடாக்காத ஈர மணலோடும் கலந்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் நீராவிக்குப் பதில் வெறும் தண்ணீரையே செலுத்தினார்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. இதற்காகக் கடற்கரையையோ தேரி மேட்டையோ தோண்டக் கூடாது. சாலைத் தடத்தில் வெட்டும் மணலே போதும். அப்புறம், கலவையில் உருட்டிய கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, ஊறாததோடு சேர்த்து நசுக்கிப் பாருங்கள். ஊறியது மிகவும் பலம் இழந்திருந்தால், கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துத் திரும்பப் பாருங்கள். வணக்கம்.