ரீடேக் இல்லாத ரீரெக்கார்டிங்

வணக்கம். ஊமைப்படத்தைப் பத்தி ரேடியோல பேச வாங்கன்னு போன் வந்தப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா அதுல சத்தம் கிடையாது, இதுல படம் கிடையாது, நடுவுல நான் என்னத்தப் பேசறது. கீபோர்டைத் தூக்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன், வேணாம் சார், நீங்க பேசுனா போதும்னுட்டாங்க. வாசிக்கிறவன் பேசுனா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், பொறுத்துக்கங்க.

நான் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழான்னு லைட் மியூசிக்ல கீபோர்டு வாசிக்கிற ஆளு. ஒருநாள் ஒரு ஃபிலிம் சொசைட்டில இருந்து கூப்பிட்டு, அமெரிக்க ஊமைப்பட காமெடியன் பஸ்டர் கீட்டனோட ஷெர்லாக் ஜூனியர் போடறோம், 1924-ல வந்த படம், முக்கால் மணி நேரம்தான், திரைக்குக் கீழ உக்காந்து நீங்க லைவா வாசிக்கணும்னாங்க. பேமென்ட் கம்மி. ஆனா மேடையில நாலு மணி நேரம் நின்னு வாசிக்கிறவனுக்கு முக்கால் மணி நேரமெல்லாம் ஒரு வேலையான்னு ஒத்துக்கிட்டேன்.

கூட வயலினுக்கு ஒரு மாஸ்டர். எழுபது தாண்டினவர், கோடம்பாக்கத்துல ஒரு காலத்துல ரீரெக்கார்டிங்குக்கு, அதாவது படத்தோட பின்னணி இசைக்கு வாசிச்சவர். அப்பல்லாம் ரீரெக்கார்டிங்னா திரையில ரீல் ஓடும், மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ரெக்கார்டிங் தியேட்டர்ல உக்காந்திருக்கும், கண்டக்டர் படத்தைப் பாத்து கையைக் காட்டுவாரு, அந்த நொடியில எல்லாரும் ஒண்ணா வாசிக்க ஆரம்பிக்கணும், ஒருத்தர் பிந்துனாலும் ரீலைத் திருப்பி மறுபடியும் முதல்ல இருந்து. மாஸ்டர் என்கிட்ட சொன்ன முதல் வார்த்தையே இதுதான்: "தம்பி, அங்க தப்பு பண்ணா ஒன் மோர் கேக்கலாம். இங்க கேக்க முடியாது, ஞாபகம் வச்சுக்க."

நான் வச்சுக்கல, அது வேற கதை, வரேன்.

அந்தப் படத்துல கீட்டன் தியேட்டர்ல ப்ரொஜக்டர் ஓட்டறவன். தூங்கிப்போய் கனவுல எந்திரிச்சு நேரா திரைக்குள்ளயே ஏறிடுவான். உள்ள போனதும் அவன் அங்கயே இருப்பான், ஆனா பின்னாடி இடம் மாறிக்கிட்டே இருக்கும். பெஞ்சுல உக்காரப் போவான், பெஞ்சு இருக்காது, நடுரோட்டுல விழுவான். நடக்க ஆரம்பிப்பான், மலை உச்சி. எட்டிப் பாப்பான், சுத்தி சிங்கம். அப்புறம் பாலைவனம், பக்கத்துல ரயில் பாயும். கடல் நடுவுல ஒரு பாறை, அதுல இருந்து தண்ணிக்குள்ள தலைகீழா குதிப்பான், குதிச்சா பனிக்குள்ள தலை மாட்டிக்கிட்டு கால் மட்டும் மேல உதைக்கும். கம்ப்யூட்டர் கிடையாது கிராபிக்ஸ் கிடையாது, ஒவ்வொரு எடத்துலயும் கேமராவுக்கும் அவனுக்கும் இருக்குற தூரத்தை அளந்து அளந்து நிக்க வச்சு எடுத்திருக்காங்க.

இதுக்கு நான் என்ன போட்டிருந்தேன் தெரியுமா. ரோட்டுக்கு ஒரு ட்யூன், சிங்கத்துக்கு கீழ் ஸ்தாயில உர்ருனு ஒண்ணு, ரயிலுக்கு டடக் டடக், கடலுக்கு அலை மாதிரி. ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஏழு ட்யூன், எனக்கு ரொம்பப் பெருமை. மாஸ்டர் கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "இடந்தானே மாறுது, அவன் மாறலையே, நீ ஏன் மாத்தற"ன்னாரு. ஒரே ஒரு நடை ட்யூனை எடுத்து, கீழ சிங்கம் வரட்டும் ரயில் வரட்டும், அது பாட்டுக்கு அதே வேகத்துல போற மாதிரி வாசிச்சுக் காட்டுனாரு. சத்தியமா சொல்றேன், அப்பதான் அந்தச் சீன் எனக்கே சிரிப்பு வந்துச்சு. கீட்டன் மூஞ்சியில சிரிப்பே இருக்காது இல்லையா, நம்ம விரல் அவனை முந்திக்கிட்டு சிரிச்சா பாக்குறவனுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

ஊமைப்படம்னு பேருதான், அது ஊமையா ஓடுனது ரொம்பக் கம்மி. 1896 ஜூலை 7-ஆம் தேதி பம்பாய் வாட்சன் ஹோட்டல்ல பிரான்ஸ் லூமியேர் சகோதரர்களோட படங்களைக் காட்டுனாங்க, கொஞ்ச நாள்லயே நாவல்டி தியேட்டருக்கு மாத்துனப்போ படத்தோட வாத்திய இசையும் வந்துடுச்சு. 1908-ல பிரான்ஸ்ல கமீல் சான்-சான்ஸ் மாதிரி பெரிய இசையமைப்பாளரே ஒரு சின்னப் படத்துக்குன்னு தனியா இசை எழுதியிருக்காரு. ஆனா எல்லா ஊருக்கும் சான்-சான்ஸ் கிடைப்பாரா, சின்ன தியேட்டர்ல ஒரு பியானோக்காரரு இருப்பாரு, அவருக்கு கையேடு மாதிரி புக்கெல்லாம் இருந்துச்சு. அமெரிக்காவுல எர்னோ ராப்பே 1924-ல போட்டது ஒண்ணு, 52 விதமான மூடுக்கும் சிச்சுவேஷனுக்கும் தனித்தனியா நோட்டேஷன், எது எந்தப் பக்கம்னு ஒவ்வொரு பக்க ஓரத்துலயும் அச்சடிச்சிருப்பாங்க, ஏன்னா இருட்டுல ஒரு கையால வாசிச்சுக்கிட்டே இன்னொரு கையால புரட்டணும். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் கூட அப்பா போனப்புறம் வீட்டுக் கஷ்டத்துக்கு லெனின்கிராடு தியேட்டர்ல இந்த வேலை பாத்தவர்தான். ஜப்பான்ல இன்னும் ஒரு படி மேல, பென்ஷின்னு ஒருத்தர் திரைக்குப் பக்கத்துல நின்னு எல்லா கேரக்டருக்கும் அவரே குரல் குடுப்பாரு, ஸ்டார் வேல்யூவே அவருக்குத்தான். டைரக்டர் குரோசாவாவோட அண்ணன் ஒரு பென்ஷி. பேசும்படம் வந்து அவங்க பொழப்பு போனப்போ ஸ்ட்ரைக்ல முன்னாடி நின்னாரு, ஸ்ட்ரைக் தோத்துச்சு, 1933-ல தற்கொலை பண்ணிக்கிட்டாரு.

இன்னொண்ணு சொல்லணும், எனக்கு இதுல கொஞ்சம் வயித்தெரிச்சல். ஜெர்மனில மெட்ரோபோலிஸ்னு ஒரு படம், 1927. ரிலீசுக்கப்புறம் கண்டபடி வெட்டிட்டாங்க. 2008-ல அர்ஜென்டினாவுல ஒரு நீளமான காப்பி கெடைச்சுது. எந்தச் சீன் எங்க வரணும்னு தேடுனப்போ கை குடுத்தது எது தெரியுமா, அந்தப் படத்துக்கு ஹுப்பெர்ட்ஸ்ங்கறவர் எழுதுன இசையோட நோட்டேஷன். அதுல இந்த இடத்துல இந்த ஷாட்னு ஆயிரத்துக்கும் மேல குறிப்பு இருந்துச்சு. படத்தைத் தொலைச்சாங்க, பாட்டு தேடிக் குடுத்துச்சு. நம்ம பக்கம் பாருங்க, 1905-ல திருச்சி ரயில்வே குமாஸ்தா சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட ப்ரொஜக்டரை வாங்கிக்கிட்டு ஊர் ஊரா டென்ட் அடிச்சு படம் காட்டுனாரு, அப்புறம் நடராஜ முதலியார் மெட்ராஸ்ல கீசக வதம்னு ஒரு ஊமைப்படம் எடுத்தாரு. அந்தப் படத்துல ஒரு ஃப்ரேம் கூட இன்னைக்கு இல்ல. படம் ஓடுனப்போ கொட்டாய்ல யாரு வாசிச்சா, என்ன ராகம் வாசிச்சா, அது எந்தப் பேப்பர்லயும் இல்ல.

சரி, ஷோவுக்கு வரேன். நான் வீட்டுல இன்டர்நெட் காப்பியை வச்சு ஸ்டாப் வாட்ச் புடிச்சு பிராக்டிஸ் பண்ணிட்டேன், எத்தனாவது நிமிஷம் எத்தனாவது செகண்ட்ல என்ன ட்யூன்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டிட்டேன். ஊமைப்பட காலத்துல கேமராவை கையால சுத்துவாங்க, செகண்டுக்கு 16 ஃப்ரேமும், அதாவது ஃபிலிம்ல 16 தனித்தனிப் படமும் உண்டு, 24-ம் உண்டு. பேசும்படம் வந்து, வேகம் மாறுனா குரலே மாறிடும்னுதான் 24-ன்னு நிலையா நின்னுச்சு. 24-ல ஒரு மணி நேரம் ஓடற படம் 16-ல ஒன்றரை மணி நேரம் ஓடும். இது எனக்கு அன்னைக்குத் தெரியாது. அவங்க போட்ட காப்பி என் காப்பியைவிட மெதுவா ஓடுது, நாலஞ்சு நிமிஷம் நீளம். பத்தாவது நிமிஷத்துலயே நான் படத்துக்கு முன்னாடி ஓடிட்டு இருக்கேன். திரையில கீட்டன் பாவமா வீட்டைவிட்டு வெளிய வரான், நான் சந்தோஷமா அடுத்த சீனுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கேன். முன் வரிசையில ஒருத்தர் திரும்பி என்னைப் பாத்தாரு. மாஸ்டர் வயலின் வில்லாலேயே என் தாளைத் தட்டி கீழ தள்ளிட்டாரு.

அப்புறம் என்ன, அண்ணாந்து பாத்துக்கிட்டே வாசிச்சேன். திரைக்குக் கீழ ஒட்டி உக்காந்தா கீட்டன் நீளநீளமா கோணலா தெரிவான், கழுத்து ரெண்டு நாளைக்கு வலிக்கும். கீபோர்டு டிஸ்ப்ளே வெளிச்சம் திரையில அடிக்குதுன்னு அதுமேல கர்ச்சீப் போட்டு மூடியாச்சு, அதனால எந்த டோன்ல இருக்கேன்னும் தெரியல, காதுதான். தண்ணித் தொட்டி சீன் வந்துச்சு. ரயில் மேல ஓடிவந்து தொட்டிக் குழாயைப் புடிச்சுத் தொங்குவான், மொத்தத் தண்ணியும் அவன் மேல கொட்டி தண்டவாளத்துல தள்ளிடும். நிஜமாவே அதுல அவனுக்குக் கழுத்தெலும்பு ஒடைஞ்சிருக்கு, பல வருஷம் கழிச்சு டாக்டர் எக்ஸ்ரே எடுத்தப்பதான் அவனுக்கே தெரியும். நான் அங்க நாலஞ்சு கட்டையைச் சேத்து ஒரே அடியா பெருசா அடிக்கறதா இருந்தேன். மாஸ்டர் வில்லை எடுத்து மடியில வச்சுட்டாரு, அதைப் பாத்து நானும் கையை எடுத்துட்டேன். ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும். தண்ணி கொட்டுது. யாரோ ஒரு அம்மா "அய்யய்யோ"ன்னாங்க.

முடிஞ்சு கை தட்டுனாங்க, நானும் எந்திரிச்சு கும்பிட்டேன், சட்டையெல்லாம் வேர்வை. மாஸ்டர் வயலின் மேல படிஞ்ச, வில்லுக்குத் தேய்க்கற ரோசின் தூளைத் துணியால தொடச்சுக்கிட்டே, என் முகத்தைக் கூடப் பாக்காம, "அடுத்த படம் ஒத்துக்கறதுக்கு முன்னாடி எத்தனை ஃப்ரேம்னு கேளு தம்பி, பணத்தை அப்புறம் கேக்கலாம்"னாரு.