பேய்த் தொடர் பார்க்கும் மகள் கண்ணாடி முன்னாலேயே நிற்கிறாள், என்ன செய்வது?

அடுத்த கேள்வி ஒரு அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. மகளுக்கு 13 வயதாம், சிறுவர்களுக்கான பேய்த் தொடர்களை விடாமல் பார்க்கிறாளாம். கொஞ்ச நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று மூக்கு சரியில்லை, பல் சரியில்லை என்கிறாளாம். "அந்தத் தொடர்கள்தான் காரணமா? நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார்.

நிறுத்த வேண்டாம் அம்மா. மூக்கைப் பற்றிய கவலை முதலில் வந்திருக்கும், அதனால்தான் அந்தத் தொடர்கள் அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த வயதில் உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு நினைப்பு வரும். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்தார். ஒரு பரு வந்தால் போதும், வகுப்பு முழுக்க அதைத்தான் பேசுகிறது என்று பிள்ளை நினைக்கும். யாரோ எந்நேரமும் பார்க்கிறார்கள், ஆனால் யாரென்று தெரியவில்லை. இதுவே பாதி பேய்க்கதைதானே?

நல்ல தொடர்கள் இந்தப் பயத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. 'கூஸ்பம்ப்ஸ்' தொடர் 1995-இல் ஆரம்பித்தபோது முதலில் வந்த கதையே ஒரு முகமூடிக் கதைதான். ஆர். எல். ஸ்டைன் எழுதியது. கார்லி பெத் என்ற சிறுமி எதற்கெடுத்தாலும் பயப்படுவாள், பையன்கள் இரண்டு பேர் சாண்ட்விச்சில் புழுவை வைத்துக் கொடுத்து அவளை அழவைப்பார்கள். அவர்களைப் பழிவாங்க ஒரு கோரமான முகமூடியை வாங்கி மாட்டிக்கொள்கிறாள், குரல்கூட மாறிவிடுகிறது, எல்லோரும் அலறுகிறார்கள், அவளுக்கோ ஒரே சந்தோஷம். கழற்றப் போனால் வரவில்லை. முகமூடி எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம், அவள் ஆசைப்பட்டது கிடைத்த பிறகுதான் கதையில் பயமே ஆரம்பிக்கிறது. (ஸ்டைனின் மகன் சின்ன வயதில் ரப்பர் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் திண்டாடியதைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியதாம்.)

கடைசியில் அவளைக் காப்பாற்றுவது அவள் அம்மா அவளைப் போலவே செய்து வைத்த ஒரு பிளாஸ்டர் தலை. அம்மாவின் அன்பு காப்பாற்றுகிறது என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டில் நீங்கள் "நீ அழகுதான்டி" என்று சொன்னால் "அம்மான்னா அப்படித்தான் சொல்லுவ" என்று போய்விடுவாள், இல்லையா? ஆனால் கவனியுங்கள், அந்தத் தலை அவளை ஒரு துளிகூட அழகாக்கிக் காட்டவில்லை. இருக்கிற முகம் இருக்கிறபடி.

இதைவிடக் கடுமையான கதையும் உண்டு. 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் 1997-இல் வந்தது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கானது. மார்சி என்ற மாணவியை யாருமே கண்டுகொள்வதில்லை. வகுப்பில் கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறாள், ஆசிரியர் அவளைத் தவிர மற்றவர்களைக் கேட்கிறார், தூக்கிய கை மெல்ல மெல்ல மறைய ஆரம்பிக்கிறது. அதே கதையில் பள்ளியிலேயே பிரபலமான பெண், கூட்டத்துக்கு நடுவிலும் தான் தனியாகத்தான் இருக்கிறேன் என்கிறாள். மார்சி கடைசிவரை பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது.

நான் ஒதுக்கச் சொல்வது வேறு வகை. ஒரு பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முடியை அவிழ்த்துவிட்டதும் பிரச்சினை தீர்ந்துவிடும் கதைகள். அதில் பேயே இல்லாவிட்டாலும் அதுதான் கெடுதல்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். "பயமா இருந்துச்சா" என்று கேட்காதீர்கள், இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வாள். அந்த முகமூடி உனக்குக் கிடைத்தால் போட்டுக்கொள்வாயா என்று கேளுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். ஆனால் சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், பள்ளிக்குப் போகவே மறுக்கிறாள், கண்ணாடியை விட்டு நகரமாட்டேன் என்கிறாள் என்றால் அது தொலைக்காட்சி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.